பிள்ளைப்பேறும் நாட்கணக்கும்

பட்டம் பார்ப்பதைப் பற்றி நமது வட்டாரத்துக் குடியானவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்த அளவிலேயே, சொர்ணவாரி வைக்கலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா, நவரைக்கு நீர் தாங்குமா என்று அவர் கணக்கிட்டுவிடுவார். பட்டம் தவறி விதைத்து விளைச்சல் குன்றினால் அவர் நிலத்தைப் பழிப்பதில்லை. நாள் தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டத்துக்கு ஆயத்தமாவார்.

அதே குடியானவர் வீட்டில், மணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றும் மருமகள் கருவுறவில்லையென்றால், அங்கும் நாள் தப்பியிருக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே குற்றம் அப்பெண்ணின் தலையில் ஏற்றப்படுகிறது. அண்டை வீட்டு வளைகாப்புக்கு அவளுக்கு அழைப்பு வருவதில்லை. நல்ல காரியங்களில் அவள் பின்னுக்கு நிறுத்தப்படுகிறாள். மறுமணப் பேச்சும் சில வீடுகளில் தலையெடுக்கிறது. இவ்வளவு துன்பத்துக்கும் காரணம் சில வேளைகளில் ஒரு நாட்காட்டிக் கணக்காகவே இருக்கக்கூடும் என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இது பேசக் கூசும் விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், குடும்பத் தகராறுகள் முதலில் வந்து சேருமிடம் ஊராட்சி மன்றமே ஆதலால், இதைப் பற்றிய தெளிவு அவர்களுக்கு அவசியம் வேண்டும்.

ஒரு வீட்டின் கதை

சென்ற ஆண்டு ஓர் ஊராட்சிக்குப் பணிகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். அப்போது வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மன்ற அலுவலகத்துக்கு வந்து, தம் மகனுக்கு மணமாகி மூன்று ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை என்றும், பெண் வீட்டாரிடம் பேசி ஒரு முடிவு செய்து தரவேண்டும் என்றும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். மகன் ஒரகடத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மருமகள் சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். அன்று தற்செயலாக அங்கிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்று கணவனையும் மனைவியையும் தனியே அழைத்துப் பேசினார். பின்னர், அவ்விருவரின் இசைவோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதலாம் என்ற ஒப்புதலின் பேரில் அவ்விவரத்தை நமக்குத் தெரிவித்தார்.

செவிலியர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதன்று. "நீங்கள் இருவரும் ஒரே வேளையில் வீட்டில் இருப்பது வாரத்தில் எத்தனை நாள்?" என்பதே அது. மனைவிக்கு எப்போதும் காலை முறைப் பணி. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். கணவனுக்கு இரவுப் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பணி. அவர் திரும்பும்போது மனைவி புறப்பட்டுச் சென்றிருப்பார். மனைவி மாலையில் வந்து சமைத்து முடிப்பதற்குள் கணவனின் பஸ் வந்துவிடும். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. முதல் ஆண்டின் பெரும்பகுதி கணவன் வெளியூரில் பயிற்சியில் இருந்தார் என்பதும் பேச்சில் தெரியவந்தது. ஊரார் கணக்கில் அது மூன்றாண்டு இல்லறம். உண்மையில் அவ்விருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களை எண்ணிவிடலாம்.

இது அவ்வொரு வீட்டின் நிலை மட்டுமன்று. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய நாள்முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் பெருகிக்கொண்டே வந்துள்ளன. 2024ஆம் ஆண்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்துவைக்கப்பட்டது என்பதிலிருந்தே பெண்கள் எத்துணைப் பேர் இங்கு பணிக்கு வருகின்றனர் என்பதை உணரலாம். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த குடும்பங்கள் இப்போது ஷிப்ட் மணியை நம்பி வாழ்கின்றன. வருவாய் பெருகியுள்ளது. ஆனால் கணவனும் மனைவியும் சந்திக்கும் நேரம் குறைந்துள்ளது. ஆகவே, கருவுறுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முன்னைவிட இப்போது நன்கு அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

கருவுறும் விதம்

பெண்ணின் வயிற்றினுள் கருப்பையின் இரு பக்கங்களிலும் சினைப்பைகள் இரண்டு உள்ளன. ஒரு மாதவிலக்கு தொடங்கும் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்குக்கு முந்திய நாள் வரையுள்ள காலத்தை ஒரு சுழற்சி என்கிறோம். ஒவ்வொரு சுழற்சியிலும் பொதுவாக ஒரேயொரு கருமுட்டை முதிர்ந்து, சினைப்பையிலிருந்து வெளிப்பட்டுக் கருக்குழாயினுள் புகுகிறது. அவ்வாறு வெளிப்பட்ட முட்டை ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் ஆணின் விந்தணு அதனைச் சேர்ந்தால் கரு உண்டாகிறது. சேராவிடின் முட்டை அழிந்துபோகிறது. சுமார் இரண்டு வாரங்களில் மாதவிலக்கு வருகிறது.

முட்டைக்கு ஆயுள் ஒரு நாளே எனினும், விந்தணு பெண்ணின் உடலினுள் நல்ல நிலையில் ஐந்து நாட்கள் வரை உயிரோடிருக்கக் கூடியது. ஆகவே முட்டை வெளிப்படுவதற்கு முன்னரே விந்தணு சென்று காத்திருப்பது நலம். நமது பகுதி மக்களுக்குத் தெரிந்த ஓர் உவமையால் இதனைக் கூறலாம். கம்பெனி பஸ் நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் நின்று போய்விடும். முன்கூட்டியே வந்து நிற்பவருக்கு இடம் கிடைக்கும். பஸ் வந்தபின் வீட்டிலிருந்து புறப்படுபவர் பெரும்பாலும் அதைத் தவறவிடுவார்.

இதனைத் தெளிவாக மெய்ப்பித்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 1995ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கருவுற விரும்பிய 221 பெண்களின் சிறுநீர் நாள்தோறும் சோதிக்கப்பட்டு, முட்டை வெளிப்பட்ட நாள் கணிக்கப்பட்டது. முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாகிய ஆறு நாட்களில் கூடியவர்களே கருவுற்றனர். ஆறு நாட்களிலும் வாய்ப்பு ஒரே அளவாக இருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் கூடினால் நூற்றில் சுமார் 10 என்ற அளவில் இருந்த வாய்ப்பு, படிப்படியாக ஏறி, முட்டை வெளிப்படும் நாளில் நூற்றில் சுமார் 33 என்ற அளவை எட்டியது. அந்த நாள் கடந்தபின் கூடியதால் எவரும் கருவுற்றதாகக் காணப்படவில்லை. ஒரு சுழற்சியில் 28 நாட்கள் இருந்தாலும் பலன் தரக்கூடியவை ஆறு நாட்களே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னோக்கி எண்ணும் முறை

அந்த ஆறு நாட்கள் எவை? பதினான்காம் நாள் என்று பலர் கேள்விப்பட்டிருப்பர். எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது. மாதவிலக்குக்குப் பின் முட்டை முதிர்வதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் முட்டை வெளிப்பட்டபின் அடுத்த மாதவிலக்கு வருவதற்கு ஆகும் காலம் பெரும்பாலும் இரண்டு வார அளவிலேயே நிற்கும். ஜப்பானில் நீகாத்தா நகரத்து மருத்துவர் ஒகினோ என்பவர் 1924ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து, அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாட்கள் முன்னதாக முட்டை வெளிப்படுகிறது என்று கூறினார். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் க்னாவுஸ் என்பவரும் அப்பத்தாண்டின் இறுதியில் தனியே ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். அதற்கு முன் மருத்துவர்களுக்கே இவ்விஷயத்தில் தெளிவு இருக்கவில்லை. எனவே சென்ற மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை.

எண்ணும் வழி வருமாறு. மாதவிலக்கு தொடங்கும் நாளை முதல் நாள் என்று கொள்ள வேண்டும். சுழற்சியின் மொத்த நாட்களிலிருந்து 14ஐக் கழித்தால் முட்டை வெளிப்படும் நாள் ஏறத்தாழக் கிடைக்கும். 28 நாள் சுழற்சியுடையவருக்கு அது 14ஆம் நாள். பலன் தரும் நாட்கள் 9 முதல் 14 வரை. 24 நாள் சுழற்சியுடையவருக்கு அது 10ஆம் நாள். பலன் தரும் நாட்கள் 5 முதல் 10 வரை. 35 நாள் சுழற்சியுடையவருக்கு அது 21ஆம் நாள். பலன் தரும் நாட்கள் 16 முதல் 21 வரை. 35 நாள் சுழற்சியுடைய ஒரு பெண் பதினான்காம் நாளோடு தன் வாய்ப்பு முடிந்துவிட்டதாக எண்ணிவிட்டால், வாய்ப்புள்ள நாட்கள் அனைத்தையும் இழந்துவிடுவாள்.

சுழற்சி மாதந்தோறும் சற்றே முன்பின்னாக வருவது இயல்பு. அத்தகையோர் ஆறு மாதக் கணக்கைக் குறித்துவைத்து, மிகக் குறுகிய சுழற்சியையும் மிக நீண்ட சுழற்சியையும் கொண்டு கணக்கிட வேண்டும். சான்றாக, குறுகியது 26, நீண்டது 32 என்றால், முட்டை 12ஆம் நாளுக்கும் 18ஆம் நாளுக்கும் இடையில் வெளிப்படலாம். ஐந்து நாள் முன்கூட்டியே தொடங்க வேண்டுமாதலால், 7ஆம் நாள் முதல் 18ஆம் நாள் வரை கவனிக்க வேண்டிய காலமாகும். இரவுப் பணியாலும் உறக்கக் குறைவாலும் மனக் கவலையாலும் சிலருக்குச் சுழற்சி முறை மாறுவதுண்டு. அத்தகையோருக்கு இக்கணக்கு ஒரு மதிப்பீடாக மட்டுமே அமையும். இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்போர் மாதவிலக்கு நின்றது முதல் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கூடி வாழ்ந்தாலே போதும். பலன் தரும் நாட்கள் தாமாகவே அதனுள் அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இனி, மேலே சொன்ன வீட்டுக்கு வருவோம். அப்பெண்ணின் சுழற்சி பெரும்பாலும் 28 நாட்கள். அதாவது சரியாக நான்கு வாரங்கள். செவிலியர் சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்துப் பார்த்தபோது, கடந்த சில மாதங்களாக மாதவிலக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒட்டியே தொடங்கி வந்திருந்தது. ஞாயிறு முதல் நாளானால், அடுத்த ஞாயிறுகள் 8, 15, 22 ஆகிய நாட்களில் விழும். பலன் தரும் நாட்களோ 9 முதல் 14 வரை. அதாவது, இரண்டாம் வாரத் திங்கள் முதல் சனி வரை. கணவனும் மனைவியும் சந்தித்த ஞாயிறு ஒவ்வொன்றும் அந்த ஆறு நாட்களுக்கு முன்னும் பின்னுமாகவே விழுந்துகொண்டிருந்தது. சுழற்சி சரியாக நான்கு வாரமாதலால், ஒரு மாதம் தவறியது அடுத்த மாதமும் அப்படியே தவறியது. உடலில் யாதொரு குறையும் இல்லாத இருவருக்குங்கூட இவ்வாறு மாதக்கணக்கில் வாய்ப்பு நழுவிக்கொண்டே போகலாம். இதற்குப் பெண்ணையோ ஆணையோ நொந்து என்ன பயன்?

மாதவிலக்கு வேறு கிழமைகளில் தொடங்கினால் ஒரு ஞாயிறு அந்த ஆறு நாட்களில் அகப்படும் என்பது உண்மையே. ஆயினும் ஆறில் ஒரு நாளே கிடைப்பதாலும், அந்நாள் தொடக்க நாளாக இருந்தால் வாய்ப்பு குறைவாதலாலும், வாரத்தில் ஒரு நாளை மட்டும் நம்பியிருப்போருக்குக் காலதாமதம் ஏற்படுவது வியப்பன்று.

முன்னோர் அறிந்ததும் நாம் மறந்ததும்

நாள் பார்க்கும் இவ்வறிவு தமிழருக்குப் புதியதன்று. கணவன் மனைவியைப் பிரிந்திருக்கும் காலத்தும், மாதப் பூப்பு நிகழ்ந்தால் பன்னிரண்டு நாட்கள் அவளை விட்டு அகன்று உறைதல் கூடாது என்று தொல்காப்பியத்தின் கற்பியல் விதிக்கிறது. நுண்பெருக்கிக் கண்ணாடியும் ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்திலேயே, பெரும்பாலான பெண்களுக்குப் பலன் தரும் நாட்கள் பூப்பை அடுத்த அந்த நாட்களிலேயே அடங்குகின்றன என்பதை உணர்ந்து அதற்கு நெறி வகுத்தது போற்றற்குரியது.

ஆடி மாதத்தில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் நாம் அறிவோம். ஆடியில் கரு தங்கினால் சித்திரைக் கோடையில் பேறுகாலம் நேருமே என்ற கவலையே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் ஊரிலேயே, ஆடியில் தம்பதியரைப் பிரித்துவைக்கவும் நாட்கணக்கே துணை நின்றது. ஒரு மாதப் பிரிவால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், வயது முப்பதைக் கடந்து பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர், ஒவ்வொரு சுழற்சியும் மதிப்புடையது என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்தல் நலம்.

நாடு விடுதலை பெற்றபின், அரசும் இவ்வறிவை மக்களிடம் கொண்டுசெல்ல முயன்றதுண்டு. ராஜகுமாரி அம்ரித் கௌர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் 1951ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். தில்லி லோதி காலனியிலும், அந்நாளைய மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் பெண்களுக்கு மணிமாலை கொடுத்து, நாளுக்கு ஒரு மணியாக நகர்த்தச் சொல்லி நாட்கணக்கு கற்பிக்கப்பட்டது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதற்காகச் செய்யப்பட்ட அச்சோதனை எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. நாட்கணக்கை மட்டும் நம்பிப் பேற்றைத் தவிர்ப்பது நிச்சயமற்றது என்பது அதன் படிப்பினை. இன்றும் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்புவோர் இக்கட்டுரையின் கணக்கை நம்பாமல், சுகாதார நிலையத்தில் கிடைக்கும் தக்க சாதனங்களையே கையாள வேண்டும். பேற்றை விரும்புவோருக்கோ இக்கணக்கு செலவில்லாத துணையாகும்.

உடல் காட்டும் குறிகள்

கறவை மாடு வளர்ப்போர் சினைப்பருவக் குறிகளை நன்கறிவர். இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை மாடு பருவத்துக்கு வரும். கத்தும், தீனி குறையும், கண்ணாடி போன்ற வழும்பு இழையாக வடியும். காலையில் குறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடவேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எல்லோரும் கடைப்பிடிக்கின்றனர். அரை நாள் பிந்தினாலும் ஊசி வீண் என்று கவலைப்படுகிறோம். மாட்டோடு மனிதரை ஒப்பிடுவதாக எவரும் வருந்த வேண்டா. கொட்டிலில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கை வீட்டுக்குள்ளும் காட்டலாமே என்பதே நமது கருத்து.

பெண்ணின் உடலும் சில குறிகளைக் காட்டுகிறது. முட்டை வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் வழுவழுப்பாகவும் நீளக்கூடியதாகவும் திரவம் கசியும். விந்தணு உயிரோடு தங்குவதற்கு உதவுவது அதுவே. அக்கசிவு காணும் நாட்களே மிகச் சிறந்த நாட்கள். முட்டை வெளிப்பட்டபின் உடல் வெப்பம் மிகச் சிறிதளவு உயரும். ஆனால் அது நாள் கடந்தபின் தெரியும் குறியாதலால், அடுத்த மாதக் கணக்குக்கே பயன்படும். மருந்துக் கடைகளில் சிறுநீரைக் கொண்டு சோதிக்கும் பட்டைகளும் கிடைக்கின்றன. அவை குறி காட்டினால் முட்டை ஏறத்தாழ ஒன்று ஒன்றரை நாளில் வெளிப்படும் என்று கொள்ளலாம். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு உடையவருக்கு இப்பட்டைகள் தவறான குறியையும் காட்டக்கூடும்.

சில தவறான எண்ணங்களையும் இங்கே களைதல் வேண்டும். பலன் தரும் நாளுக்காக விந்தைச் சேமித்துவைக்க வேண்டும் என்பது தவறு. நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கூடுவதால் வாய்ப்பு குறைவதில்லை. நாள் பார்த்துக் கூடினால் ஆண் குழந்தை பிறக்கும் என்று சொல்வாரும் உளர். மேலே குறிப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் நாளுக்கும் குழந்தையின் பாலுக்கும் எவ்விதத் தொடர்பும் காணப்படவில்லை.

எப்போது மருத்துவரை நாடுவது?

நாள் பொருந்தினாலும் ஒவ்வொரு மாதமும் கரு தங்கும் என்பதில்லை. நல்ல உடல்நலமுள்ள இளந்தம்பதியருக்கும் ஒரு சுழற்சியில் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றே. ஓராண்டுக்குள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கருவுறுகின்றனர். எஞ்சியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில் கருவுறுகின்றனர். ஆகவே ஆறு மாதத்தில் அழுது புலம்ப வேண்டியதில்லை. ஆனால் தக்க நாட்களில் கூடி வாழ்ந்தும் ஓராண்டு கடந்தால் மருத்துவரைக் காண வேண்டும். பெண்ணுக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்ல வேண்டும். மாதவிலக்கு பல மாதங்கள் வராமலிருப்போர் காத்திருக்கவே கூடாது.

சோதனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்ல வேண்டும். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் காரணமாகவோ பங்காகவோ இருக்கிறது. முளைப்பு சரியில்லையென்றால் குடியானவர் விதையையும் எடுத்துச் சோதிக்கிறார் அல்லவா? விந்துச் சோதனை எளியது, வலியற்றது, செலவும் சொற்பம். அப்படியிருந்தும், மனைவியை ஐந்தாறு இடங்களுக்கு அலையவிட்டு, கணவன் ஒருமுறைகூடச் சோதனைக்குச் செல்லாத வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். இது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் ஒழிய வேண்டும். புகையும் மதுவும் விந்தணுவைக் கெடுக்கும். அணு உற்பத்தியாகி முதிர இரண்டரை மாதங்கள் வரை ஆகுமாதலால், பழக்கத்தை இன்று விட்டால் பலன் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தெரியும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும், அங்கிருந்து காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு அரசு மருத்துவமனையையும், தேவைப்பட்டால் 1844ஆம் ஆண்டு முதல் மகளிர்க்குத் தொண்டாற்றிவரும் எழும்பூர் அரசு மருத்துவமனையையும் அணுகலாம். தனியார் கருத்தரிப்பு நிலையங்களுக்குச் செல்வோர், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும். நிலத்தை அடகுவைத்துப் போலி வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுவோர் இன்னும் இருக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. பேற்றை விரும்பும் பெண்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் அமில மாத்திரை உட்கொள்ளத் தொடங்குவது, குழந்தைக்குத் தண்டுவடக் குறை நேராமல் காக்க உதவும். அதைச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவை

பிள்ளையில்லை என்ற காரணத்தைக் கூறி மறுமணத்துக்கு வழி கேட்டு எவரேனும் வந்தால், உறுப்பினர்கள் அதற்கு இடமளிக்கலாகாது. மனைவி உயிருடனிருக்க, மணமுறிவு பெறாமல் செய்யும் மறுமணம் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி செல்லாது. பிள்ளைப்பேறின்மை மணமுறிவுக்குரிய காரணமாகவும் அச்சட்டத்தில் சொல்லப்படவில்லை. வந்தவரிடம், "இருவரும் எத்தனை நாள் சேர்ந்திருந்தனர்? இருவரும் சோதித்துக்கொண்டனரா?" என்ற இரு கேள்விகளைக் கேட்டு, சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பிவைப்பதே முறை.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் செவிலியரை அழைத்து, நாட்காட்டியில் குறித்துவைக்கும் முறையைக் கற்பிக்கலாம். ஆண்களுக்குத் தனியே ஒரு கூட்டம் நடத்துதல் அதனினும் தேவையானது. கணவனும் மனைவியும் மாறுபட்ட முறைகளில் பணிபுரிந்தால், மாதத்தில் ஒரு வாரமேனும் ஒத்த நேரப் பணி தரும்படி நிர்வாகத்தை விண்ணப்பித்துக் கேட்பதில் வெட்கமில்லை. கேட்டால் கிடைக்காது என்று கேளாமலே இருப்போர் பலர். தொழிலாளர் நலனுக்கென்று கூட்டம் நடைபெறும்போது உறுப்பினர்களும் இதனை எடுத்துக்கூறலாம்.

மேலே சொன்ன தம்பதியரைப் பற்றி வாசகர் அறிய விரும்புவர். கணவன் மேற்பார்வையாளரிடம் பேசி, மாதத்தில் இரண்டு வாரம் பகல் முறைக்கு மாற்றிக்கொண்டார். இருவரும் சோதனைக்கும் சென்றுவந்தனர். இக்கட்டுரை எழுதும் நாள்வரை அவர்களுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. ஆனால் மறுமணப் பேச்சு நின்றுவிட்டது. மாமியாரே இப்போது நாட்காட்டியில் நாளைக் குறித்து வைக்கிறாராம். அவ்வீட்டில் பழி நீங்கி நம்பிக்கை பிறந்திருக்கிறது என்பதே பெரும் பேறு.

ஸ்ரீபெரும்புதூர் எம்பெருமானார் அவதரித்த தலம். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த பெற்றோர் வேள்வி இயற்றி அவரைப் பெற்றனர் என்பது வழிவழி வரும் வரலாறு. கேசவ சோமயாஜியும் காந்திமதி அம்மையாரும் அவ்வேண்டுதலில் ஒருங்கே நின்றனர். ஒருவரையொருவர் பழித்ததாகக் கதை இல்லை. வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. அதனோடு நாளைக் கணக்கிடுதலும், இருவரும் சேர்ந்து சோதனைக்குச் செல்லுதலும், அதுவரை அவ்வீட்டுப் பெண்ணைக் கண்கலங்காமல் காத்தலும் நமது கடமை. நமது வட்டாரத்தில் இனி ஒரு பெண்ணும் நாட்கணக்கு அறியாமையால் பழி சுமக்கலாகாது. அதற்கு ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.